தொண்டு நிறுவனமா, அரசா, கம்பனியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் தமிழர் நாலு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம் உருவாகிவிடும். கோயில் தர்ம நிதி, பழைய மாணவர் சங்கம், கனடாவில் இருக்கும் ஊர்க்காரர் அனுப்பும் உதவி என்று காசு ஏதோ ஒரு வழியில் போய்க்கொண்டே இருக்கிறது. அந்தக் காசைக் கொடுப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் அநேகமாக ஒரே மாதிரியானவை. தொண்டு நிறுவனங்களின் கணக்கையும் வேலைத்திட்டக் கண்காணிப்பையும் நீண்ட காலம் பார்த்து வந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: மூன்றில் எது நன்றாக வேலை செய்கிறது?

வகையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு அமைப்புகளை எடுத்து அருகருகே வைத்தால்தான் ஏதாவது தெரியவரும். அப்படி வைத்துப் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது இதுதான்: சேவை சரியில்லை என்றால், அதைப் பெறுகிறவர் என்ன செய்ய முடியும்? இதற்கு ஒழுங்கான பதில் உள்ள அமைப்பு பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கிறது, அது அரசாக இருந்தாலும் சரி, கம்பனியாக இருந்தாலும் சரி, தொண்டு நிறுவனமாக இருந்தாலும் சரி.

இலாப நோக்கற்றது என்றால் இலாபமே வரக்கூடாதா?

வரலாம். வருட முடிவில் செலவு போக மிச்சம் இருந்தால் சட்டப்படி குற்றமில்லை. அந்த மிச்சத்தை உறுப்பினர்களோ பணிப்பாளர்களோ தங்களுக்குள் பங்கு போடக்கூடாது, அவ்வளவுதான் விதி. ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கலாம், கட்டடம் வாங்கலாம், அடுத்த வருடத்துக்குச் சேர்த்து வைக்கலாம்.

இலங்கையில் இப்படியான அமைப்பு பல வாசல்களால் உள்ளே வரலாம். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதியலாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக, அதாவது பங்குகள் இல்லாமல் உறுப்பினர்களின் உறுதிமொழியில் நிற்கும் கம்பனியாகப் பதியலாம். நம்பிக்கைப் பொறுப்பாகவும் (ட்ரஸ்ட்) அமைக்கலாம். பாராளுமன்றத்தில் தனியார் சட்டமூலம் கொண்டுவந்து கூட்டிணைக்கலாம். அதனால் பெயர்ப் பலகையில் 'கம்பனி' என்று இருந்தாலும் உள்ளே தொண்டு நிறுவனமாக இருக்கக்கூடும்.

எல்லைகளும் அவ்வளவு கறாரானவை அல்ல. 1958இல் ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன தொடங்கி வைத்த சர்வோதய இயக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிரமதானத்தில் தொடங்கிய அந்த இயக்கத்திலிருந்து வளர்ந்த நிதி நிறுவனம் 2021இல் கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. இதைத் தொண்டு என்ற பெட்டியில் போடுவதா, வியாபாரம் என்ற பெட்டியில் போடுவதா என்று விவாதிப்பதை விட, கடன் வாங்கியவர் எப்படி இருக்கிறார் என்று பார்ப்பதே பிரயோசனம்.

இலாபம் எடுக்க முடியாது என்றால் ஏமாற்றவும் மாட்டார்கள் அல்லவா?

இதற்குப் பின்னால் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. ஹென்றி ஹான்ஸ்மன் என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர் 1980இல் இதைத் தெளிவாக எழுதினார். வாங்குகிறவரால் தரத்தை நேரடியாகப் பார்க்க முடியாத சேவைகள் உண்டு. முதியோர் இல்லத்தில் விட்ட அம்மாவை இரவில் எப்படி நடத்துகிறார்கள் என்று லண்டனில் இருக்கும் மகனுக்குத் தெரியாது. வன்னியில் ஒரு குடும்பத்துக்கு என்று அனுப்பிய காசு போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. இப்படியான இடத்தில் தரத்தைக் குறைத்து மிச்சம் பிடிக்கும் ஆசை யாருக்கும் வரும். மிச்சத்தைச் சட்டைப் பையில் போட முடியாது என்ற விதி அந்த ஆசையைத் தணிக்கும், அதனால் மக்கள் அங்கே இலாப நோக்கற்ற அமைப்பை நம்புகிறார்கள் என்பது அவருடைய வாதம்.

ஆதாரமும் ஓரளவு அந்தப் பக்கம்தான் சாய்கிறது. முதியோர் பராமரிப்பு இல்லங்கள் பற்றிய 82 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆராய்ச்சி 2009இல் வெளியானது. அவற்றில் 40 ஆய்வுகள் இலாப நோக்கற்ற இல்லங்களின் தரமே மேல் என்று தெளிவாகக் காட்டின. இலாப இல்லங்கள் மேல் என்று காட்டியவை மூன்றுதான். மிச்சம் கலவை. அமெரிக்க வைத்தியசாலைகளைப் பற்றி 2002இல் கனடாவில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இலாப நோக்குள்ள வைத்தியசாலைகளில் மரண ஆபத்து சுமார் 2 வீதம் கூடுதல் என்று கண்டது.

இவை சராசரிகள். நல்ல தனியார் இல்லமும் உண்டு, மோசமான தர்ம இல்லமும் உண்டு. அதோடு அந்த நாடுகளில் இரண்டு வகை இல்லங்களுமே ஒரே பரிசோதகர்களின் கண்ணுக்குக் கீழ் இருக்கின்றன. யாரும் வந்து பார்க்காத இடத்தில் 'இலாபமில்லை' என்ற விதி மட்டும் ஒரு முதியவரைக் காப்பாற்றாது. பங்கு போட முடியாத காசு வாகனமாகலாம், வெளிநாட்டுப் பயணமாகலாம், உறவினருக்கு வேலையாகலாம்.

அப்படியானால் தொண்டு நிறுவனத்தின் பெரிய பலவீனம் எது?

காசு கொடுப்பவர் ஒருவர், சேவை பெறுபவர் இன்னொருவர். என் அனுபவத்தில் அநேகமான சிக்கல்கள் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

காலி வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சோறு பழசு என்றால் நாளைக்குப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவோம். கடைக்காரருக்கு அன்றே தெரிந்துவிடும். அரசாங்க வைத்தியசாலையில் மருந்து இல்லை என்றால் சத்தம் போடலாம், பத்திரிகைக்குச் சொல்லலாம், அடுத்த தேர்தலில் காட்டலாம். மெதுவான வழிதான், ஆனாலும் வழி. தொண்டு நிறுவனம் கொடுத்த கோழிக்குஞ்சு ஒரு கிழமையில் செத்துப்போனால் அந்தப் பெண் யாரிடம் போவார்? நன்கொடையாளர் ஜெனீவாவில் இருக்கிறார். இலவசமாகத் தந்ததைக் குறை சொல்வதா என்று அந்தப் பெண்ணுக்கே கூச்சம் வேறு. அடுத்த பட்டியலில் பெயர் விடுபட்டுவிடும் என்ற பயமும் இருக்கும்.

அறிக்கையில் இது எப்படி வரும் தெரியுமா? 'வாழ்வாதார உதவி பெற்ற குடும்பங்கள்: 150. இலக்கு: 150. அடைவு: 100 வீதம்.' பக்கத்தில் ஒரு புகைப்படம், பெண்கள் கூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கோழி எத்தனை மிஞ்சியது, முட்டை விற்றதா, கடைக்கு யார் கொண்டுபோனார்கள் என்ற வரிக்கு அந்தப் படிவத்தில் கட்டமே இருக்காது. யாரும் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறார்கள். கேட்கப்பட்ட கேள்விதான் தவறு.

ஒரே வேலையை அரசும் தொண்டு நிறுவனமும் செய்து, நேர்மையாக ஒப்பிட்ட ஆய்வு உண்டா?

உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது கென்யாவில் நடந்தது. பாடசாலைகளுக்கு ஒப்பந்த அடிப்படையில் கூடுதல் ஆசிரியர்களை எடுத்தால் பிள்ளைகள் முன்னேறுகிறார்களா என்பது கேள்வி. அதே திட்டத்தைச் சில பாடசாலைகளில் வேர்ல்ட் விஷன் என்ற தொண்டு நிறுவனம் நடத்தியது, சிலவற்றில் கல்வி அமைச்சு நடத்தியது. யாருக்கு எந்தப் பாடசாலை என்பது குலுக்கல் முறையில் முடிவானது, ஆகவே நல்ல பாடசாலையைத் தெரிந்து எடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு இடமில்லை. வேர்ல்ட் விஷன் நடத்திய இடத்தில் பரீட்சைப் புள்ளிகள் தெளிவாக ஏறின. அமைச்சு நடத்திய இடத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆசிரியர் சம்பளம் பிந்தியது, கண்காணிப்பு தளர்ந்தது, ஆசிரியர் சங்கத்தின் எதிர்ப்பும் சேர்ந்துகொண்டது என்று ஆய்வாளர்கள் காரணம் காட்டினார்கள்.

இதைப் படித்துவிட்டு 'பார்த்தீர்களா, என்ஜிஓதான் மேல்' என்று முடிக்க வேண்டாம். சின்ன அளவில் நல்லாட்சியோடு நடந்த ஒன்று, நாடு முழுக்கப் போகும்போது அரசியலையும் சம்பளப் பட்டியலையும் சந்திக்கிறது. தொண்டு நிறுவனம் நாடு முழுக்க ஆசிரியர் எடுக்கத் தொடங்கியிருந்தால் அந்தச் சங்கம் அதன் வாசலுக்கும் வந்திருக்கும்.

இன்னொன்று லைபீரியா. 2016இல் அந்நாட்டு அரசு 93 அரசாங்கப் பாடசாலைகளை எட்டு நடத்துநர்களிடம் ஒப்படைத்தது. இலாப நோக்குள்ளவையும் இருந்தன, இல்லாதவையும் இருந்தன. முதல் வருடத்தில் பிள்ளைகளின் கற்றல் சராசரியாக உயர்ந்தது. ஆனால் நடத்துநருக்கு நடத்துநர் வித்தியாசம் பெரிது, செலவும் வழக்கத்தை விட மிக அதிகம். வகுப்பில் இத்தனை பேர்தான் என்று எல்லை வைத்து மேலதிகப் பிள்ளைகளை வெளியே அனுப்பிய சம்பவமும் நடந்தது. வெளியே அனுப்பப்பட்ட பிள்ளையைத் தேடிப்பிடித்து அளக்காவிட்டால் அது எந்தச் சராசரியிலும் வராது. எந்த ஒப்பீட்டைப் பார்த்தாலும் 'வெளியே போனது யார்?' என்று நான் கேட்பதற்கு இதுதான் காரணம்.

கொழும்பு உதாரணம் ஒன்று சொல்ல முடியுமா?

ரியூசனைச் சொல்கிறேன், எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இலக்கங்கள் நான் விளக்கத்துக்காகப் போட்டவை.

கொட்டாஞ்சேனையில் ஒரு சங்கம் நடத்தும் இலவச வகுப்பில் 40 பிள்ளைகள். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடைந்தவர்கள் 22. வெள்ளவத்தையில் காசு கட்டிப் படிக்கும் டியூட்டரியிலும் 40 பிள்ளைகள், சித்தி 36. இதை மட்டும் பார்த்தால் டியூட்டரிதான் கெட்டித்தனம். இனி வகுப்பில் சேர்ந்த அன்று வைத்த சோதனையைப் பாருங்கள். இலவச வகுப்பில் அன்றைக்கே சித்தியடையக்கூடியவர்கள் 8 பேர், டியூட்டரியில் 33 பேர். ஒன்று 14 பிள்ளைகளைத் தூக்கிவிட்டது, மற்றது 3 பிள்ளைகளை.

அவசரப்பட்டு இலவச வகுப்புக்கு மாலை போடவும் கூடாது. டியூட்டரியில் மேலே ஏற இடமே குறைவாகத்தான் இருந்தது. அதோடு இலவச வகுப்பின் பதிவுப் புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தைப் பாருங்கள். ஜனவரியில் 60 பெயர் இருந்தால், 20 பேர் எங்கே? கடையில் வேலைக்குப் போனார்களா, வகுப்பு விளங்காமல் நின்றார்களா? நின்றவர்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் கதை வேறாகலாம். காசு கட்டும் அம்மா மூன்றாம் மாதமே டியூட்டரி சேரைக் கேள்வி கேட்பார். இலவச வகுப்புப் பிள்ளையின் அம்மாவுக்கும் அப்படிக் கேட்க ஒரு நாள், ஓர் ஆள் வேண்டும்.

இலங்கையில் எந்த வகை அமைப்பு எதைச் சாதித்திருக்கிறது?

நம்மிடம் நல்ல உதாரணங்கள் இருக்கின்றன, நாம்தான் எடுத்துப் பேசுவதில்லை.

கண்தானம். ஹட்சன் சில்வா என்ற வைத்தியர் 1961இல் இலங்கைக் கண்தானச் சங்கத்தைத் தொடங்கினார். 1964இல் முதல் தடவையாகச் சிங்கப்பூருக்குக் கண் விழிவெண்படலம் போனது, அப்புறம் பல நாடுகளுக்கு. அரசு செய்யாத நேரத்தில், ஊர் ஊராகப் போய், இறந்த பிறகு கண்ணைக் கொடுக்கலாம் என்று மக்களை இணங்க வைத்தது ஒரு தொண்டுச் சங்கம். 2011இல் கொழும்பில் அரசாங்கக் கண் வங்கியும் சிங்கப்பூர் நன்கொடையாளர்களின் பணத்தோடு தொடங்கியது. முதலில் வழி திறக்கும் வேலையில் தொண்டு நிறுவனத்துக்கு ஈடில்லை என்பதற்கு இதை விடச் சாட்சி எனக்குத் தெரியாது.

மலேரியா. உள்ளூரில் பரவிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார், 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. இதில் முதுகெலும்பு அரசின் மலேரியாத் தடை இயக்கம்தான். போர் பாதித்த சில மாவட்டங்களில் உலகளாவிய நிதியத்தின் காசில் ஓர் இலாப நோக்கற்ற அமைப்பும் கண்காணிப்பு வேலையைச் செய்தது. தீவு முழுக்க, வருடக் கணக்காக, ஒரு வீடும் விடாமல் செய்ய வேண்டிய வேலைக்கு அரசு வேண்டும். 1963இல் வெறும் 17 நோயாளிகள்தான் என்று வந்த பிறகு கவனம் தளர்ந்து, அந்தப் பத்தாண்டின் முடிவிலேயே நோய் பெருவாரியாகத் திரும்பி வந்த வரலாறும் நமக்கு உண்டு. மூன்று வருடத் திட்டங்களில் வாழும் அமைப்பிடம் இந்த வேலையை முழுதாக ஒப்படைக்க முடியாது.

1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்பியூலன்ஸ். 2016 ஜூலையில் இந்திய நன்கொடையில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கியது. முதலில் நடத்தியது இந்தியாவிலிருந்து வந்த ஓர் அனுபவமுள்ள நிறுவனம். 2018இல் 18ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தனி மன்றம் அமைந்தது. பின்னர் தீவு முழுக்க விரிந்தது. இதை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? வெளிநாட்டு நன்கொடை, வெளி நிறுவனத்தின் அனுபவம், அரச காசு மூன்றும் கலந்திருக்கிறது. எனக்குப் பிடித்தது வேறொன்று. அழைப்பு வந்த நேரமும் வண்டி போய்ச் சேர்ந்த நேரமும் பதிவாகின்றன. நோயாளியின் வாசலில் அளக்கப்படும் அளவுகோல் அது.

கண்ணிவெடி அகற்றல். இராணுவமும், ஹலோ டிரஸ்ட், மாக் போன்ற வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களும், டாஷ், ஷார்ப் என்ற உள்ளூர் அமைப்புகளும் இதே வேலையில் இருக்கின்றன. தரநிலை எல்லோருக்கும் ஒன்று, துப்புரவு செய்த நிலத்தை இன்னொருவர் வந்து சரிபார்க்கிறார். நிலம் சுத்தமா இல்லையா என்பதற்கு இரண்டு பதில் கிடையாது. எல்லாத் துறையிலும் இப்படி ஓர் அளவும் ஒரு வெளிச் சரிபார்ப்பும் இருந்தால் இந்தப் பக்கத்தை எழுத வேண்டிய தேவையே இருக்காது.

கம்பனியும் அரசும் ஒரே சந்தையில் நிற்பதற்கு மருந்தைப் பாருங்கள். பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியில் 1971இல் உருவான அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனமும் அதன் ஒசுசல கடைகளும் தனியார் ஃபார்மசிகளுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. பக்கத்தில் ஒரு மாற்று இருப்பதே நோயாளிக்குப் பலம்.

நுண்கடன் விஷயத்தில் என்ன நடந்தது?

வருத்தத்தோடு எழுத வேண்டிய பகுதி. தொண்டு என்ற சொல்லோடு வந்த ஒரு முறை, வடக்கு கிழக்கிலும் பொலன்னறுவை போன்ற மாவட்டங்களிலும் பெண்களைக் கிழமைக்குக் கிழமை துரத்தும் முறையாக மாறியது. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மூன்றாவது. வசூலிக்க வருபவர் காசு கிடைக்கும் வரை வீட்டு முற்றத்திலேயே உட்கார்ந்திருப்பார். குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும், அதனால் அயலவர்களே பகையானார்கள்.

2016இல் நுண்நிதியளிப்புச் சட்டம் வந்தது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையான நிலுவைக் கடன்களை இரத்துச் செய்ய அரசு முடிவெடுத்தது. அதே வருடம் மத்திய வங்கி தன் மேற்பார்வையிலுள்ள நிறுவனங்களின் நுண்கடனுக்கு 35 வீத வட்டி உச்சவரம்பு வைத்தது. உச்சவரம்பே 35 என்றால் அதற்கு முன் எவ்வளவு போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 2021இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

கடன் கொடுத்தவர்களில் கம்பனிகளும் இருந்தன, என்ஜிஓக்களும் இருந்தன. கடன்பட்ட பெண்ணுக்கு வாசலில் நிற்பவரின் பதிவு எந்தச் சட்டத்தில் என்பது தெரியாது, தெரிந்தும் பயனில்லை. திருப்பிக் கட்டும் வீதம் 98 என்று பெருமையாக எழுதிய அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த 98ஐ எட்ட எத்தனை தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போனது என்பது அதில் இருக்காது.

இதே ஊர்களில் சிக்கன கடன் கூட்டுறவுச் சங்கங்களும் இருந்தன. அங்கே கடன் வாங்குபவர் அங்கத்தவர், பொதுக்கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கலாம், செயலாளரை மாற்றலாம். எல்லாச் சங்கமும் நன்றாக நடக்கவில்லைதான். சில அரசியல்வாதிகளின் கைக்குள் போய்ப் படுத்துவிட்டன. ஆனாலும் எழுந்து கேட்கும் உரிமை யாப்பிலேயே இருப்பது சின்ன விஷயமில்லை.

வீடு கட்டிக் கொடுப்பதில் யார் திறமை?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையில் சுமார் 35,000 பேர் இறந்தார்கள். பிறகு வந்த நிறுவனங்களின் எண்ணிக்கையும் காசும் நாடு அதுவரை பார்க்காத அளவு. ஒரே கிராமத்துக்கு இரண்டு அமைப்புகள் போட்டி போட்டன, பக்கத்துக் கிராமத்துக்கு யாரும் போகவில்லை. கடலுக்குத் தூரமாக, மீனவருக்குப் பொருந்தாத இடங்களில் வீடுகள் எழுந்தன. ஒப்பந்தக்காரரை வைத்து நிறுவனம் கட்டிக் கொடுத்த வீட்டை விட, தவணைக் காசை வாங்கிக் குடும்பமே நின்று கட்டிய வீட்டில் திருப்தி கூடுதல் என்று பல மதிப்பீடுகள் சொல்லின.

போருக்குப் பிறகு வந்த இந்திய வீடமைப்புத் திட்டம் அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டது. முதல் கட்டத்தில் 1,000 வீடுகளை ஒப்பந்த நிறுவனம் கட்டியது. வடக்கு கிழக்கில் அடுத்து வந்த பெரும் கட்டத்தில் குடும்பத்துக்கு 550,000 ரூபா, வேலை முன்னேற முன்னேற வங்கிக் கணக்குக்கே தவணையாக வந்தது. ஜன்னல் எந்தப் பக்கம், குசினி எங்கே என்று வீட்டுக்காரரே தீர்மானித்தார். மேசனோடு சண்டை போடும் அதிகாரமும் அவரிடமே இருந்தது.

நிர்வாகச் செலவு குறைவான நிறுவனத்துக்குக் கொடுப்பதுதானே புத்திசாலித்தனம்?

இது மிகவும் பரவிய எண்ணம், நிறையக் கெடுதலும் செய்திருக்கிறது. கணக்காளருக்குக் கொடுக்கும் சம்பளம் 'நிர்வாகம்'. அவர் இல்லாவிட்டால் கள்ளப் பற்றுச்சீட்டைப் பிடிக்க ஆளில்லை. கிராமத்துக்குத் திரும்பிப் போய், ஆறு மாதத்துக்கு முன் கொடுத்த தையல் மெஷின் ஓடுகிறதா என்று பார்க்கும் அலுவலரின் பஸ் காசும் 'நிர்வாகம்'. அதை வெட்டினால் விகிதம் அழகாகும், மெஷின் கட்டிலுக்கு அடியில் கிடக்கும்.

நன்கொடையாளர் குறைந்த விகிதம் கேட்பார், நிறுவனம் குறைத்துக் காட்டும், அதைப் பார்த்து நன்கொடையாளர் இன்னும் குறைவாகக் கேட்பார். கொழும்பில் நல்ல இளம் அலுவலர்கள் இரண்டு வருடத்தில் வங்கிக்குப் போய்விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு கம்பனியிடம் நாம் 'உங்கள் கணக்குப் பிரிவு மலிவா?' என்று கேட்டு சவர்க்காரம் வாங்குவதில்லை.

அதற்காக விகிதத்தைப் பார்க்கவே வேண்டாம் என்றில்லை. பாதிக்கு மேல் அலுவலகத்திலேயே முடிகிறது என்றால் காரணம் கேளுங்கள். கேட்க வேண்டிய கணக்கு வேறு: ஓர் உண்மையான பலனுக்கு எவ்வளவு செலவானது? பயிற்சி பெற்ற ஒருவருக்கு எவ்வளவு என்பதை விட, ஒரு வருடம் கழித்தும் தைத்துச் சம்பாதிக்கும் ஒருவருக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

இலவசமாகக் கிடைப்பதன் தரம் குறைவுதானே?

நாரஹேன்பிட்டியில் தலைமையகம் உள்ள தேசிய இரத்த மாற்றுச் சேவை, காசு வாங்காத தன்னார்வக் கொடையாளர்களின் இரத்தத்தால் நடக்கிறது. கொடுப்பவர் இலவசமாகத் தருகிறார், சேகரிப்பவர் அரச சம்பளக்காரர். தரத்தைத் தீர்மானிப்பது ஆய்வுகூடப் பரிசோதனை. கொழும்பு ஃபிரண்ட் இன் நீட் சங்கம் 1831இல் தொடங்கியது, 1985இலிருந்து ஜெய்ப்பூர் கால் செய்து பொருத்தி வருகிறது. செயற்கைக் கால் நல்லதா என்பதைப் போட்டு நடப்பவர் உடனே சொல்லிவிடுவார். நடந்து பார்த்துச் சொல்ல வாய்ப்பிருக்கும் இடத்தில் இலவசம் தரத்தைக் கெடுப்பதில்லை.

கோயில், பள்ளிவாசல், தேவாலயக் குழுக்கள்?

அவசரத்தில் இவர்களை விட வேகம் யாருக்கும் இல்லை. 2022 நெருக்கடியில் கொழும்பில் சமைத்துப் போட்டவர்களில் பலர் இவர்கள்தான். யார் வீட்டில் அடுப்பெரியவில்லை என்று அயலவருக்குத் தெரியும், அந்தத் தகவலை எந்தக் கணக்கெடுப்பும் தராது. பலவீனமும் அதே இடத்தில்தான்: நம் ஆட்களுக்கு மட்டும் என்று சுருங்கும் ஆபத்து. நீண்டகால வேலைக்குக் கணக்கும் பதிவும் வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பப் போகிறேன். என்ன கேட்க வேண்டும்?

கடந்த வருடக் கணக்காய்வு அறிக்கையைக் கேளுங்கள். எது சரிவரவில்லை என்று கேளுங்கள். 'எல்லாம் நல்லபடி' என்று வரும் பதில் எனக்கு அச்சம் தரும். இடையில் விலகியவர்கள் எத்தனை பேர், ஏன் என்று கேளுங்கள். முறைப்பாடு செய்ய உதவி பெறுபவருக்குத் தமிழில் ஒரு தொலைபேசி இலக்கம் உண்டா, கடைசியாக வந்த முறைப்பாடு என்ன, அதற்கு என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். இதே வேலையை அந்தப் பிரதேசத்தில் அரசு செய்கிறதா என்பதையும் கேளுங்கள். செய்கிறது என்றால், பிரதேச செயலகத்தோடு சேர்ந்து செய்யாமல் தனியாகச் செய்ய என்ன தேவை? உண்மையிலேயே நல்ல காரணம் இருக்கலாம், அதைக் கேட்டு வைப்பது நல்லது.

பேருக்கு ஒரு பெயர்ப் பலகை திறக்கும் திட்டத்துக்குக் கொடுப்பதை விட, ஏற்கெனவே ஓடும் ஒன்றின் பராமரிப்புக்குக் கொடுக்கலாம். அதற்குத்தான் யாரும் தருவதில்லை.

சொல்வது உண்மையா என்று எங்கே சரிபார்ப்பது?

1980ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதிந்தவை என்றால் அரசசார்பற்ற நிறுவனங்களின் செயலகத்தில் கேட்கலாம். உத்தரவாதக் கம்பனிகள் என்றால் கொழும்பு 10, டீ. ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் பெயரைக் கொடுத்துத் தேடலாம்.

பலருக்குத் தெரியாத இன்னொரு வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் அரச அலுவலகங்களுக்கு மட்டும் உரியதல்ல. அரசாங்கத்திடமிருந்தோ, வெளிநாட்டு அரசிடமிருந்தோ, சர்வதேச அமைப்பிடமிருந்தோ கணிசமான நிதி பெற்றுப் பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் அரசசார்பற்ற நிறுவனங்களும், அந்தச் சேவை தொடர்பான தகவலைப் பொறுத்தவரை, அதற்குள் வருகின்றன. இலங்கைப் பிரஜை யாரும் விண்ணப்பிக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, தமிழிலேயே எழுதலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானித்துச் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதற்குப் பிறகு தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்கும் போகலாம். கோழிக்குஞ்சு செத்துப்போன அந்தப் பெண்ணும், இலவச வகுப்பை இடையில் நிறுத்திய பிள்ளையின் அம்மாவும் இந்த விண்ணப்பத்தை எழுதலாம். எழுதத் தெரியாதவருக்கு ஊர்ச் சங்கத்துப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம்.